கொச்சியில் அச்சேறிய தமிழ் நூலும் அண்டிரிக்கிப் பாதிரியாரும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் வந்து வாழும் மக்கள் நாம். நம் பாட்டன்மார் எவ்வூரினின்று எக்காலத்தில் சுள்ளிக்கல்லுக்கு வந்தனர் என்பதை வீட்டுக்கு வீடு வேறு வேறு விதமாகச் சொல்வோம். தொழில் தேடி வந்தோர் சிலர். வாணிகத்தின் பொருட்டு வந்தோர் சிலர். வெளியில் உள்ள துணி வெளுக்குந் துறைக்கென அழைத்து வரப்பட்டோர் சிலர். எவ்வாறு வந்திருப்பினும், வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வாழ்வு நடத்துகிறோம்.

நமக்கு நேர்மாறான திசையில் நடந்த ஒருவரை இவ்வாண்டு விழா மலரில் நினைவு கூர விரும்புகிறோம். அவர் கடல் கடந்து வந்து தமிழரிடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்; தமிழ் கற்றார்; தமிழுக்கு இலக்கணம் வகுத்தார்; தமிழை அச்சேற்றினார். அந்நூல்களுள் ஒன்று அச்சானது, நாம் நடந்தே சென்று வரக்கூடிய கொச்சிக் கோட்டையில் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிறப்பும் வருகையும்

அவர் பெயர் என்றிக்கே என்றிக்கசு. அக்காலத் தமிழ் மக்கள் அவரை அண்டிரிக்கிப் பாதிரியார் என்று அழைத்தனர். போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் 1520ஆம் ஆண்டு பிறந்தார். அவரது குடும்பம் யூத மரபில் வந்து கிறித்தவம் தழுவியது. அம்மரபு காரணமாகவே முதலில் சேர்ந்த பிரான்சிசுகன் சபையை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. பின்னர் கோயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் கற்று, 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். தம் நாட்டில் குலம் கேட்டு ஒதுக்கப்பட்ட அவர் தமிழகக் கடற்கரையில் பணிபுரிந்த அதே காலத்தில்தான், 1568இல், நம் மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர்களின் தொழுகைக் கூடம் எழுந்தது. அந்தக் கூடத்தின் வழியே நாளும் செல்லும் நமக்கு, ஐரோப்பா ஒதுக்கியவர்களுக்கு இக்கடற்கரை இடம் தந்தது என்பது பெருமைக்குரிய செய்தியாகும்.

முத்துக்குளித்துறை

1535ஆம் ஆண்டை ஒட்டி முத்துக்குளித்துறைப் பரதவர் தம் பகைவரால் துன்புற்றபோது, அவர்தம் தூதுக்குழு கொச்சிக்கு வந்து போர்த்துக்கீசியரின் காவலை வேண்டியது. அதன் பயனாகவே அவர்கள் கிறித்தவம் தழுவினர். போர்த்துக்கீசியர் நோக்கில் முத்தும் இருந்தது என்பதை வரலாறு மறைப்பதில்லை. 1542இல் அங்கு வந்த சவேரியார், சிலர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். ஆயினும் மக்களோடு மனம் விட்டுப் பேசுதற்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது.

1547இல் அக்கரைக்கு அனுப்பப்பட்ட அண்டிரிக்கியார் இக்குறையை முதலில் உணர்ந்தார். நோயுற்றவர் தம் துன்பத்தையும், பாவ மன்னிப்புக் கேட்பவர் தம் மனச்சுமையையும் மூன்றாமவர் வாய்வழியே எங்ஙனம் சொல்வர்? எனவே தமிழ் கற்பதையே தம் முதற்கடமையாகக் கொண்டார். 1548ஆம் ஆண்டு அக்டோபரில் வேம்பாற்றிலிருந்து தம் சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில் தாம் தமிழ் பயின்ற வகையை விரித்துரைக்கிறார். இலத்தீன் இலக்கணத்தின் வழியைப் பற்றிக்கொண்டு வேற்றுமைகளையும் வினை வடிவங்களையும் தாமே வகைப்படுத்தினார். அவர் பேசுவதிலும் எழுதுவதிலும் வல்லவராயினார் என்று சவேரியாரே பாராட்டினார். அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கைப்படி லிசுபனில் உள்ளது. 2013இல் அது ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது.

நாள்தோறும் நடந்த வாழ்வு

இறைத்தொண்டர் வாழ்வு என்றதும் நாம் கோயிலையும் பிரசங்கத்தையுமே எண்ணுகிறோம். அவருடைய நாட்களோ பெரும்பாலும் மணலில் நடப்பதிலும், பிணியாளரைக் காண்பதிலும், சிறுவர்க்குக் கற்பிப்பதிலும், வழக்குத் தீர்ப்பதிலும் கழிந்தன. வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என நீளும் கரையில் பாதிரிமார் மிகச் சிலர்; ஊர்களோ பல. ஆதலால் ஊர்தோறும் உள்ளூர் ஆசிரியரான கணக்கப்பிள்ளைமாரைப் பயிற்றுவித்து, அவர் வாயிலாகவே கோயிற்பணியும் கல்விப்பணியும் நடைபெறச் செய்தார். புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றையும் அமைத்தார்.

அஞ்சத்தக்க காலமும் அது. 1549இல் வேதாளையில் நடந்த தாக்குதலில் தலைமைப் பாதிரியார் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அவருக்குப்பின் அண்டிரிக்கியாரே கடற்கரைப் பணிக்குத் தலைமை ஏற்றார். ஏறத்தாழ 1576 வரை அப்பொறுப்பைச் சுமந்தார். உடல்நலம் குன்றியவராயினும் தாய்நாடு திரும்பவில்லை.

அச்சேறிய தமிழ்

கணக்கப்பிள்ளைமாருக்குக் கையில் ஒரு நூல் வேண்டும். ஓலையில் எத்தனை படி எழுதுவது? இத்தேவையே தமிழ் அச்சுக்கு வித்தாயிற்று. 1554இல் லிசுபனில் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ் உரோம எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்க்கும் முயற்சி 1577இல் கோவாவில் தொடங்கியது. மறு ஆண்டு கொல்லத்தில் ஜோவான் தெ பாரியா பாதிரியார் வேறு எழுத்துக்களை வார்த்தார். முத்துக்குளித்துறை மக்கள் தம் உழைப்பில் ஈட்டிய பொருளை இதற்கு வழங்கினர். ஆழ்கடலில் மூச்சடக்கி எடுத்த முத்தே தமிழ் எழுத்தாயிற்று எனலாம்.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களுடன் வெளிவந்தது. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூலாக இன்று நமக்குக் கிடைப்பது அதுவே. மறு ஆண்டு, 1579 நவம்பர் 14ஆம் நாள், கொச்சியில் இயேசு சபையாரின் கல்லூரியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. ஆசிரியரும் மாணவரும் வினாவும் விடையுமாக உரையாடும் நூல் அது. மார்க்கோசு ஜோர்சு போர்த்துக்கீசிய மொழியில் எழுதியதன் தமிழாக்கம். 1586இல் அடியார் வரலாறுகளைக் கூறும் ‘புளோசு சாங்தோரும்’ என்னும் பெருநூல் வெளிவந்தது.

அவ்வெழுத்துக்களை இன்று காண்போர் சற்றுத் திகைப்பர். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. ஓலையில் இருந்த வழக்கையே அச்சும் பின்பற்றியது. இறைவனுக்குத் ‘தம்பிரான்’ என்ற சொல்லை அவர் ஆண்டது கருதத்தக்கது. மக்கள் நாவில் ஏற்கெனவே வழங்கிய சொல்லைத் தேடி எடுத்தார்.

1663இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றினர். நூல் அச்சான அக்கல்லூரி இன்று இல்லை. நூலின் அரிய படிகள் வெளிநாட்டு நூலகங்களில் தங்கின. தனிநாயக அடிகளார் 1950களில் இவற்றைத் தேடிக் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தார். இராசமாணிக்கம் அடிகளார் 1963இல் தூத்துக்குடியில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

நமக்குரிய பாடம்

1600ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் புன்னைக்காயலில் அண்டிரிக்கியார் உயிர் நீத்தார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றது. அவருடைய சமயக் கொள்கையை ஏற்போரும் ஏலாதோரும் நம் சங்கத்தில் உளர். போர்த்துக்கீசிய ஆட்சியின் துணையோடு நடந்த சமயப்பணியைப் பற்றி மாறுபட்ட கருத்துக்கள் இருத்தல் இயல்பே. எனினும், தான் யாருக்குப் பணி செய்ய வந்தானோ அவர்தம் மொழியை அறியாமல் அவர் உள்ளத்தை அறிய இயலாது என்று கண்ட நேர்மையை எல்லோரும் போற்றலாம்.

அதனினும் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. இருபத்தேழு வயதில் ஓர் அயலார் தமிழ் அகரம் தொடங்கி இலக்கணம் எழுதும் அளவுக்கு உயர்ந்தார். நம் காலனிப் பிள்ளைகளோ வீட்டில் தமிழ் பேசியும், ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைப் பிறர் படித்துக் காட்டக் கேட்கின்றனர். பேரனுக்கும் பாட்டிக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் நிற்கும் நிலையை நாமே உண்டாக்கலாமா? மலையாளம் நம்மை வாழவைக்கும் மொழி. அதனை நன்கு கற்கட்டும். அதனோடு நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் எழுத்துக்கும் ஒதுக்குவோம். தமிழ் அச்சேறிய ஊரில் வாழும் நாம், தமிழ் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறையை வளர்த்தோம் என்ற பழிச்சொல்லுக்கு இடந்தராதிருப்போமாக.