கணக்கில் சேராத ஆட்டங்கள்

வருடந்தோறும் பெப்ரவரி நடுப்பகுதியில், வட அமெரிக்காவின் பெரும் நகரங்கள் பனியில் உறைந்து கிடக்கும்போது, அங்குள்ள பேஸ்போல் அணிகள் வெயிலைத் தேடித் தெற்கே புறப்பட்டுவிடுகின்றன. முப்பது அணிகளில் பதினைந்து புளோரிடாவுக்கும் பதினைந்து அரிசோனாவுக்கும் செல்கின்றன. ஏறத்தாழ ஆறு வாரங்கள் நீடிக்கும் இந்த வசந்தகாலப் பயிற்சியின்போது அவை தமக்குள் ஆடும் ஆட்டங்களின் முடிவுகள் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் சேர்க்கப்படுவதில்லை. ஆனாலும் இரசிகர்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒவ்வோர் ஆட்டத்தையும் அலசுகிறார்கள். புதிய பந்தெறிபவரின் தோள் தேறிவிட்டதா, மூன்றாம் தளத்துக்கு எவர் பொருத்தம், சென்ற வருடம் சறுக்கியவர் இவ்வருடம் எழுவாரா என்று ஓயாத விவாதங்கள் நடக்கின்றன.

ரொறன்ரோவில் நீண்டகாலமாக வாழும் நண்பர் ஒருவர் அந்நகரத்தின் ப்ளூ ஜேஸ் அணியின் தீவிர இரசிகர். அவ்வணி 1977 முதல் புளோரிடாவின் டனீடன் என்ற சிற்றூரிலேயே பயிற்சி பெற்று வருகிறது. 1992 இலும் 1993 இலும் உலகத் தொடரை வென்ற அணி, முப்பத்திரண்டு வருடங்களின் பின்னர் 2025 இல் மீண்டும் இறுதிக்கு வந்து, ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இனிங்சில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியிடம் 5 - 4 என்ற கணக்கில் தோற்றது. அன்றைக்கு இனி இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொன்ன நண்பர், பயிற்சிக் காலம் நெருங்கியதும் பழைய உற்சாகத்துடன் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நமது நம்பிக்கை. பேஸ்போல் இரசிகர்களுக்கு அது ஒரு மாதம் பிந்திப் பிறக்கிறது.

இந்த நம்பிக்கையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி எனக்கு எழுகிறது. தான் நேரில் காணாத ஒரு வீரனைப் பற்றி இரசிகன் கொள்ளும் அபிப்பிராயம் எதனால் உருவாகிறது? அந்த ஊரிலிருந்து செய்தியாளர்கள் எழுதி அனுப்புவதனால்தான். அவர்கள் எழுதாமல் விடுவது எதுவோ, அது அவனைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. இதற்கு 1946 வசந்தத்தைவிடச் சிறந்த உதாரணம் இருக்க முடியாது.

அதற்கு முன்னர் இந்த வழக்கத்தின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1886 ஆம் ஆண்டு சிக்காகோ அணியின் தலைவராக இருந்த கப் அன்சன் தமது வீரர்களை ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹொட் ஸ்பிறிங்ஸ் என்ற வெந்நீரூற்று நகருக்கு அழைத்துச் சென்றார். குளிர்காலத்தில் குடியினாலும் கொழுப்பினாலும் பருத்துப்போன உடல்களை வியர்வையால் கரைப்பதே நோக்கம். அதற்கு முன்னரும் அணிகள் தெற்கே சென்றதுண்டு என்றாலும், வசந்தகாலப் பயிற்சி ஒரு வழக்கமாக வேரூன்றியதில் அன்சனின் பங்கு பெரிதாகச் சொல்லப்படுகிறது. அதே அன்சன்தான் கறுப்பின வீரர்கள் ஆடினால் தமது அணி மைதானத்தில் இறங்காது என்று பகிரங்கமாக அடம்பிடித்தவர். 1887 ஜூலையில் நியூவார்க் அணியுடனான ஆட்டத்தில் ஜோர்ஜ் ஸ்ரோவி என்ற கறுப்பினப் பந்தெறிபவர் ஆடாமல் போனதன் பின்னணியில் நின்றவர் அவரே. அந்த மாதத்திலேயே, இனிமேல் கறுப்பினத்தவரை ஒப்பந்தம் செய்வதில்லை என்று இன்டர்நஷனல் லீக் அணி உரிமையாளர்கள் தீர்மானித்தனர். பெரிய லீக்குகளிலோ எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை. எழுதப்படாததனாலேயே அந்தத் தடையை எவராலும் எதிர்த்து வழக்காட முடியவில்லை. அது ஏறத்தாழ அறுபது வருடங்கள் நின்றது.

இனி புறூக்ளினுக்கு வருவோம். நியூயோர்க்கின் இந்தத் தொழிலாளர் பகுதியின் அணிதான் அக்காலத்து டொட்ஜர்ஸ். அந்த அணி 1941 இல் உலகத் தொடர் வரை சென்று, அதே நகரத்தின் செல்வாக்கு மிக்க யாங்கீஸ் அணியிடம் தோற்றது. 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம்' என்பது புறூக்ளின் இரசிகர்களின் மந்திரமாகியது. தொலைக்காட்சி வீடுகளுக்கு வராத அந்தக் காலத்தில், மார்ச் மாதத்தில் அவர்களுக்குத் தமது அணி என்பது பத்திரிகையின் விளையாட்டுப் பக்கமேயாகும்.

1945 ஒக்டோபரில் டொட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, தமது அணியின் கீழ் இயங்கிய மொன்றியல் றோயல்ஸ் அணிக்கு ஜக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்திருப்பதாக அறிவித்தார். அவர் பயிற்சிக்கு வரவேண்டிய இடம் புளோரிடாவின் டேய்ற்றோனா பீச். 1915 இல் அதே ஊரில் புறூக்ளின் அணியின் முகாமையாளர் வில்பேர்ட் ரொபின்சன், விமானத்திலிருந்து வீசப்படும் பந்தைப் பிடிப்பதாகச் சவால் விட்டார் என்றும், பந்துக்குப் பதிலாக விழுந்த பம்பளிமாசு போன்ற பழம் உடைந்து அவரை நனைக்க, இரத்தம் வழிவதாக எண்ணி அவர் அலறினார் என்றும் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. புளோரிடாவில் ஆடும் அணிகளின் தொகுதிக்கு அந்தப் பழத்தின் பெயரே நிலைத்திருக்கிறது. வசந்தகாலப் பயிற்சி பற்றி இரசிகர்கள் கேட்டு மகிழ்ந்தவை இத்தகைய கதைகளே. முப்பத்தொரு வருடங்களின் பின்னர் அதே ஊருக்கு வந்த மற்றொரு ரொபின்சனின் கதை வேறு.

1946 பெப்ரவரி 10 இல் ரொபின்சனுக்குத் திருமணமானது. மாத இறுதியில் அவரும் மனைவி றேச்சலும் லொஸ் ஏஞ்சலிசிலிருந்து விமானத்தில் புறப்பட்டனர். ரொபின்சனின் தாயார் ஒரு சப்பாத்துப் பெட்டியில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் வைத்துக் கொடுத்தார். இந்தக் காலத்தில் கட்டுச்சோறா என்று இளம் தம்பதியர் கூச்சப்பட்டனர். நியூ ஓர்லியன்சில் அவர்களுக்கு விமானத்தில் இடம் மறுக்கப்பட்டது. விமான நிலைய உணவகமும் அவர்களை உள்ளே இருந்து சாப்பிட அனுமதிக்கவில்லை. தாயாரின் பெட்டியே அன்று பசியாற்றியது. பென்சகோலாவில் மறுபடியும் இறக்கப்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் ஏறினர். சாய்ந்து உறங்கக்கூடிய ஆசனத்தில் அமர்ந்திருந்தவர்களைச் சாரதி பின்வரிசைக்குப் போகும்படி பணித்தார். ரொபின்சன் எழுந்து போனார்.

இந்தக் கீழ்ப்படிதலின் விலையை அறிய இன்னொரு செய்தியை அறிய வேண்டும். 1944 இல் இராணுவ அதிகாரியாக இருந்த காலத்தில், பஸ்ஸின் பின்புறத்துக்குப் போக மறுத்ததைத் தொடர்ந்து இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர் இதே ரொபின்சன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் சிறைக்கும் அஞ்சாதவர், இம்முறை தம்மை நம்பியிருந்த ஒரு பெரிய காரியத்துக்காக வாயை மூடிக்கொண்டார். தனி வாசலையும் தனிக் குவளையையும் அறிந்த சமூகத்தில் பிறந்த நமக்கு அந்த மௌனத்தின் கனத்தை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மார்ச் 4 இல் சான்போர்ட் என்ற அயலூரில் பயிற்சி ஆரம்பமானது. ஊரவர்களின் மிரட்டல் வந்ததால் இரண்டே நாட்களில் ரொபின்சனை டேய்ற்றோனா பீச்சுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சக வீரர்கள் கடற்கரை விடுதியில் தங்க, ரொபின்சனும் மனைவியும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கினர். ஆரம்பத்திலேயே அளவுக்கு மிஞ்சி எறிந்ததில் அவருடைய கை நோவெடுத்தது. துடுப்பாட்டமும் கைகொடுக்கவில்லை. மார்ச் 17 இல் டேய்ற்றோனா பீச்சில் டொட்ஜர்ஸ் அணிக்கு எதிராக அவர் ஆட அனுமதிக்கப்பட்டார். கறுப்பினப் பார்வையாளர்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தனர். ஜக்சன்வில்லுக்குச் சென்றபோது மைதானக் கதவு பூட்டிக் கிடந்தது. டிலாண்ட் நகரில் மின்விளக்குகள் பழுது என்று காரணம் சொல்லி ஆட்டத்தை இரத்துச் செய்தனர். அது பகலில் ஆட இருந்த ஆட்டம். ஏப்ரலில் சான்போர்டில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே பொலிஸ் தலைவர் மைதானத்துக்குள் வந்து ரொபின்சனை வெளியேற்றும்படி கட்டளையிட்டார்.

இப்போது புறூக்ளினில் பத்திரிகையைப் புரட்டும் ஒரு சாதாரண இரசிகனை எண்ணிப் பாருங்கள். அவன் தீயவன் அல்லன். தனது அணி வெல்ல வேண்டும் என்பதே அவனுடைய ஒரே இனவாதம். அவன் முன் ஒரு புள்ளிவிபரம் இருக்கிறது. புதியவர் சரியாக அடிக்கவில்லை, கையும் பழுது. இவரை விட்டுவிடலாம் என்று அவன் முடிவு செய்தால் அவனைக் குறைசொல்ல முடியுமா? அந்தப் புள்ளிவிபரத்தில் பஸ் பயணம் இல்லை. உறங்காத இரவு இல்லை. பூட்டிய கதவு இல்லை. வெள்ளையர்களின் பெரும் நாளிதழ்கள் இவற்றுக்குக் கொடுத்த இடம் மிகச் சிறியதாகவே இருந்தது.

அவற்றை விரிவாக எழுதியவை கறுப்பினப் பத்திரிகைகள். பிற்ஸ்பேர்க் கூரியர் வார இதழின் விளையாட்டுச் செய்தியாளர் வென்டல் ஸ்மித், ரொபின்சனோடு ஊர் ஊராகச் சென்றார். இவரும் இளமையில் ஒரு பந்தெறிபவர். அவருடைய ஆட்டத்தைப் பார்த்த அணித் தெரிவாளர் ஒருவர், உன்னை ஒப்பந்தம் செய்ய எனக்கு வழியில்லையே என்று கூறிவிட்டு, அதே ஆட்டத்தில் பந்துபிடித்த வெள்ளையினத்தவரை ஒப்பந்தம் செய்தார். அன்றைய காயமே ஸ்மித்தை எழுத்துக்குக் கொண்டுவந்தது. 1945 ஏப்ரலில் பொஸ்ரன் ரெட் சொக்ஸ் அணி ரொபின்சன் உட்பட மூவரைப் பரீட்சித்துப் பார்க்க வழிசெய்தவர்களில் அவர் முதன்மையானவர். அந்த அணி மூவரையும் திரும்பியும் பார்க்கவில்லை. ரொபின்சனை ரிக்கிக்குப் பரிந்துரைத்தவரும் ஸ்மித்தே. 1946 இல் ரொபின்சனுக்குத் தங்குமிடம் தேடுவது முதல் துணை நிற்பது வரை அவர் செய்தார். அதற்கு ரிக்கி ஊதியமும் கொடுத்தார். செய்தியாளர் ஒருவர் தாம் எழுதும் அணியிடம் பணம் பெறலாமா என்று இன்றைய ஊடக ஒழுக்கம் கேட்கும். கேட்கத்தான் வேண்டும். ஆனால் நடுநிலை என்ற பெயரில் ஏனையோர் காத்த மௌனத்தையும் அதே தராசில் வைத்து நிறுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எஞ்சிய வரலாறு பலரும் அறிந்தது. ஏப்ரல் 18 இல் ஜேர்சி சிற்றியில் நடந்த முதலாவது உத்தியோகபூர்வ ஆட்டத்தில் ரொபின்சன் நான்கு அடிகள் அடித்தார். அவற்றில் ஒன்று ஹோம் ரன். மொன்றியல் 14 - 1 என வென்றது. அப்பருவத்தில் லீக்கின் தலைசிறந்த துடுப்பாட்டச் சராசரி, .349, அவருடையதே. 1947 இல் இனப்பாகுபாட்டுச் சட்டங்களைத் தவிர்க்க ரிக்கி பயிற்சியைக் கியூபாவின் ஹவானாவுக்கு மாற்றினார். ஆயினும் அங்கேயும் கறுப்பின வீரர்கள் வேறு விடுதியில் தங்க வைக்கப்பட்டனர். டொட்ஜர்ஸ் வீரர்கள் சிலர் அவருக்கு எதிராக மனு தயாரித்ததை அறிந்த முகாமையாளர் லியோ டுரோச்சர், பனாமாவில் நள்ளிரவில் அனைவரையும் எழுப்பிக் கண்டித்தார். ஏப்ரல் 15 இல் ரொபின்சன் புறூக்ளின் மைதானத்தில் இறங்கினார். 1955 இல் யாங்கீசை வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியபோது, புறூக்ளின் இரசிகர்களின் 'அடுத்த வருடம்' ஒருவாறு வந்து சேர்ந்தது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. பொஸ்ரன் அணி 1959 வரை ஒரு கறுப்பின வீரரையேனும் சேர்க்கவில்லை. அவ்வருடப் பயிற்சியில் நன்கு ஆடிய பம்ப்சி கிறீனைக்கூடப் பருவம் தொடங்குமுன் கீழ்நிலை அணிக்கு அனுப்பி, ஜூலையிலேயே அழைத்துக்கொண்டது. புளோரிடாவிலோ, ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்கள் மாலையானதும் தனித்தனித் தெருக்களுக்குப் பிரிந்து போயினர். 1961 ஜனவரியில் இதனைச் சிக்காகோ நாளிதழ் ஒன்றில் எழுதிக் கிளப்பியவர் வேறு எவருமல்லர், அதே வென்டல் ஸ்மித். சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் கறுப்பின வீரர்களுக்கு வீடு தேடிக் கொடுத்துவந்த வைத்தியர் ரல்ஃப் விம்பிஷ், இனி அந்த உதவியைச் செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். ஏனெனில் அந்த உதவியே பாகுபாட்டுக்கு முண்டுகொடுத்தது. சென்ற் லூயிஸ் அணியின் பில் வைட், நகர வர்த்தகர்களின் காலை விருந்துக்குக் கறுப்பின வீரர்கள் அழைக்கப்படாததைப் பகிரங்கப்படுத்தினார். 1962 இல் அவ்வணியின் வீரர்கள் குடும்பங்களோடு ஒரே விடுதியில் தங்கினர். அந்த அதிசயத்தைப் பார்க்க மக்கள் வாகனங்களில் வந்து போனார்களாம். 1964 இல் உலகத் தொடரை வென்றது அந்த அணி.

ரொபின்சன் 1972 ஒக்டோபர் 24 இல் காலமானார். ஸ்மித் அதே வருடம் நவம்பர் 26 இல் மறைந்தார். பத்திரிகையாளர் மாடங்களில் இடம் மறுக்கப்பட்டவருக்கு, 1993 ஆம் ஆண்டுக்கான பேஸ்போல் எழுத்தாளர் விருது மரணத்துக்குப் பின்னர் கிடைத்தது.

பயிற்சி ஆட்டங்கள் கணக்கில் சேர்வதில்லை என்கிறார்கள். யாருடைய கணக்கில் என்று கேட்கத் தோன்றுகிறது. ரொபின்சன் அந்தப் பங்குனி வெயிலில் மனமுடைந்து வீடு திரும்பியிருந்தால், பிந்திய அத்தனை வெற்றிகளும் எழுதப்படாமலே போயிருக்கும். புதிய வீரன் ஒருவனைப் பற்றி அடுத்த வசந்தத்தில் தீர்ப்புச் சொல்ல முனையும் இரசிகர், அவன் எத்தனை பந்துகளை அடித்தான் என்று பார்ப்பதோடு, எங்கிருந்து வந்தான், எங்கே உறங்கினான் என்றும் விசாரிக்கட்டும். அதனை எழுதவேண்டிய கடமை செய்தியாளனுடையது.