ஆட்டக்காரராகத் தொடங்கி தேசிய அணியின் பயிற்றுநரான டத்தோ கே. ராஜகோபால்

ஷா ஆலம் – மலேசியக் காற்பந்து வரலாற்றில் 2010-ஆம் ஆண்டு தனித்து நிற்கிறது. அவ்வாண்டு டிசம்பரில்தான் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணமான ஏ.எஃப்.எஃப். சுசுகி கிண்ணத்தை நம் நாடு முதன்முறையாக வென்றது. அந்த அணியை வழிநடத்தியவர் டத்தோ கே. ராஜகோபால். சிலாங்கூரின் முன்னாள் தாக்குதல் ஆட்டக்காரர்.

ஆட்டக்களத்தில்

1956-ல் பிறந்த ராஜகோபால், மொக்தார் டஹாரி காலத்துச் சிலாங்கூர் அணியிலும் தேசிய அணியிலும் ஆடியவர். ஷா ஆலம் அரங்கம் 1994-ல் திறக்கப்படுவதற்கு முன்பு, சிலாங்கூரின் பெரிய ஆட்டங்களுக்கு மெர்டேக்கா அரங்கமே களம். ஓய்வுக்குப் பின் அவர் பயிற்றுநர் பணியைத் தேர்ந்தெடுத்தார்.

தேசிய அணிப் பொறுப்பு

2009-ன் தொடக்கத்தில், ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றதை அடுத்து தேசியப் பயிற்றுநர் பி. சத்தியநாதன் விலக நேர்ந்தது. பின்னர் அப்பொறுப்பு ராஜகோபாலுக்கு வந்தது. 23 வயதுக்குட்பட்டோர் அணியையும் மூத்தோர் அணியையும் அவரே கவனித்தார். எனவே இளையோர் அணியில் தாம் உருவாக்கிய ஆட்டக்காரர்கள் பலரை மூத்தோர் அணிக்குக் கொண்டு செல்ல அவரால் முடிந்தது. மலேசிய லீக்கில் அப்போது வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்ததும் உள்ளூர்த் தாக்குதல் ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பைத் தந்தது.

தோற்கடித்தவர்களையே வென்ற அணி

2009 டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் குழுச் சுற்றில் மலேசியா வியட்நாமிடம் தோற்றது. இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1-0 என வீழ்த்தித் தங்கம் வென்றது. 1989-க்குப் பின், 20 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த காற்பந்துத் தங்கம் அது.

மறு ஆண்டும் அதே கதைதான். சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 எனப் படுதோல்வி. பலர் அத்தோடு அணியைக் கைகழுவினர். ராஜகோபாலோ அதே இளைஞர்களை நம்பினார். தாய்லாந்துடன் சமநிலை, லாவோசுக்கு எதிராக 5-1 வெற்றி என அணி மீண்டது. அரையிறுதியில் வியட்நாமை வெளியேற்றியது.

இறுதிச்சுற்றில் எதிரணி மீண்டும் இந்தோனேசியா. டிசம்பர் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் 3-0 வெற்றி. சஃபி சாலி இரண்டு கோல்களும் அஷாரி சம்சுடின் ஒரு கோலும் அடித்தனர். 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் கோல் காவலர் கைருல் ஃபாமி ஒரு பெனால்டியைத் தடுத்தார். அந்த ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது. ஐந்து கோல்களுடன் சஃபி சாலி அதிக கோல் அடித்தவரானார். அணியில் எஸ். குணாளனும் இடம்பெற்றிருந்தார். டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில், சத்தியநாதனின் பயிற்சியில் கிளந்தான் தன் முதல் மலேசியக் கிண்ணத்தை வென்றிருந்தது. ஆக, இரண்டு மாத இடைவெளியில் இரு பெரிய கிண்ணங்களின் பின்னணியில் இவ்விருவரும் இருந்தனர். சத்தியநாதன் பின்னர் சிலாங்கூர் அணிக்கும் பயிற்சியளித்தார், 2023-ல் காலமானார்.

பிறகு

2012 சுசுகி கிண்ணத்தில் மலேசியா அரையிறுதியோடு வெளியேறியது. 2013-ன் இறுதியில் ராஜகோபாலின் பொறுப்பு முடிந்தது. பின்னர் அவர் சரவாக் அணிக்குப் பயிற்சியளித்தார். 2014, 2018-ஆம் ஆண்டுகளில் மலேசியா இறுதிச்சுற்றை எட்டியும் கிண்ணம் கைகூடவில்லை.

பயிற்றுநராக விரும்புவோருக்கு

ஆடிய அனுபவம் மட்டும் இன்று போதாது. ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் சி, பி, ஏ, புரோ என்ற உரிமங்களைப் படிப்படியாகப் பெற வேண்டும். மேல்நிலை அணிகளின் தலைமைப் பயிற்றுநர் பதவிக்கு உயர்நிலை உரிமம் கட்டாயம். பள்ளித் திடல்களிலும் தோட்டப்புற அணிகளிலும் ஆடி வளர்ந்த நம் இளைஞர்கள், ஆடும் வயதிலேயே முதல் நிலைப் பயிற்சியில் சேர்ந்துவிடுவது நல்லது. ஆட்டம் முப்பத்தைந்து வயதில் நின்றுவிடலாம். அதற்குப் பிறகும் களத்தில் நிற்க வழி உண்டு என்பதற்கு ராஜகோபாலே சான்று.