பூங்கா காலியிடமாகும் விதம்: சென்னை மக்கள் பூங்காவும் கிண்டிக் காடும் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பராமரிப்பின்றி விடப்பட்ட நகர்ப்புற இயற்கைப் பூங்காக்களின் நன்மை தீமைகள் பெரும்பாலும் சூழலியல் நோக்கிலேயே பேசப்படுகின்றன. இக்கட்டுரை அவற்றை நில வரலாற்றின் வழியாக அணுகுகிறது. சென்னையின் மக்கள் பூங்காவையும் கிண்டிக் காட்டையும் ஒப்பிட்டு, ஒரு பூங்காவின் அழிவுக்கு அதில் வளரும் புதரைக் காட்டிலும் அதனைக் காலியிடமாகக் காணும் நிர்வாகப் பார்வையே பெருங்காரணம் என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மக்கள் பூங்கா, கிண்டி தேசியப் பூங்கா, பொதுவெளி, நகர வரலாறு, நிலப் பயன்பாடு

முன்னுரை

சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பகுதி இன்றும் 'பூங்கா நகர்' எனவும் 'பார்க் டவுன்' எனவும் வழங்கப்படுகிறது. அப்பெயருக்குக் காரணமான பூங்காவோ ஒரு சிறு எச்சமாக மட்டுமே காணப்படுகிறது. ஒரே நாளில் நிகழாத இம்மறைவைப் படிப்படியாக விளங்கிக்கொள்வது, இன்றைய பொதுவெளிகள் குறித்த விவாதத்திற்கும் பயன்படும்.

மக்கள் பூங்காவின் தோற்றம்

1859ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெல்யன் தொடங்கிவைத்த திட்டங்களுள் மக்கள் பூங்காவும் ஒன்று. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் வடபுறத்தில் ஏறத்தாழ 116 ஏக்கர் நிலம் இதற்கென ஒதுக்கப்பட்டது. குளங்கள், உலாப் பாதைகள், இசை மேடை ஆகியவை அமைக்கப்பட்டன. நெருக்கடி மிகுந்த கருப்பர் நகரத்து மக்களுக்குக் காற்றோட்டமான பொதுவெளி ஒன்று இதனால் கிடைத்தது. மைய அரசின் வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தமையால் டிரெவெல்யன் 1860இலேயே திரும்ப அழைக்கப்பட்டார், பூங்கா நின்றது.

எட்வர்டு பால்ஃபர் 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையும் 1860களில் இப்பூங்காவிற்கு மாற்றப்பட்டது. பாடம் செய்யப்பட்ட உயிரினங்கள் உள்ள அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகளைக் கொண்ட இதனை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னை மக்கள் வழங்கினர். அரசு அமைத்த ஓர் இடத்தை மக்கள் தமதாக்கிக்கொண்டமைக்கு இவ்வழக்குச் சொற்களே சான்று. ஆண்டிறுதியில் பூங்காவில் நடைபெற்ற கண்காட்சிக்குப் பெருங்கூட்டம் திரண்டது. 1886 டிசம்பர் 31 அன்று அங்கு நேர்ந்த தீ விபத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்த துயரமும் அக்கூட்டத்தின் அளவை உணர்த்துகிறது.

பரப்புச் சுருங்கிய முறை

பூங்கா நிலத்தில் 1880களில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1898இல் அடிக்கல் நாட்டப்பட்ட மூர் மார்க்கெட் 1900இல் திறக்கப்பட்டது. 1913இல் ரிப்பன் மாளிகை திறப்பு விழாக் கண்டது. பின்னர் விளையாட்டரங்கம் அமைந்து, இன்று ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கமாக விளங்குகிறது. நெரிசலாலும் இடப் பற்றாக்குறையாலும் விலங்குக் காட்சிச்சாலை வண்டலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1985இல் அங்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் புறநகர் இரயில் முனையம் எழுந்தது.

இவற்றுள் எதனையும் தனியார் ஆக்கிரமிப்பு எனக் கூற இயலாது. விக்டோரியா மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை அரங்கேற்றியது. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளுக்குத் தமிழ் வாசகர்கள் பெரிதும் கடன்பட்டவர்கள். ஒவ்வொரு கட்டடமும் ஒரு பொது நன்மையைத் தந்தது. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு முடிவும் நியாயமானதே. அனைத்தையும் கூட்டிப் பார்க்கையில் பூங்கா இல்லை. அதனைக் காக்கும் பொறுப்புடைய மாநகராட்சியே தன் தலைமையகத்தை அந்நிலத்தில் அமைத்துக்கொண்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் மாநிலச் சட்டம் 1959இல்தான் இயற்றப்பட்டது. அதாவது, மக்கள் பூங்கா உருவாகி ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து. அதற்குள் பெரிய கட்டடங்கள் பல எழுந்துவிட்டன.

கிண்டி: கைபடாமையின் பயன்

கிண்டியின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1821இல் அரசு வாங்கிய கிண்டி மாளிகையைச் சூழ்ந்த நிலம் ஆளுநர்களின் ஆளுகையில் இருந்தது. பொதுமக்களுக்கு அங்கு இடமில்லை. மலர்ப்பாத்திகளும் இசை மேடைகளும் அமைக்கப்படாத பெரும்பகுதி தன்போக்கில் விடப்பட்டமையால், சோழமண்டலக் கரைக்குரிய வறண்ட பசுமைமாறாப் புதர்க்காடு அங்கு எஞ்சியது. வெளிமானும் நரியும் மாநகரத்தின் நடுவே பிழைத்திருந்தன.

கிண்டியும் இழப்புகளைக் கண்டது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும், தலைவர்களின் நினைவிடங்களுக்கும் அதன் நிலம் பிரித்தளிக்கப்பட்டது. ஆயினும் 1978இல் எஞ்சிய ஏறத்தாழ 270 எக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அதற்கு உறுதியான சட்ட எல்லை கிடைத்தது.

நன்மை தீமைகளின் மதிப்பீடு

இவ்விரு வரலாறுகளிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம்.

முதலாவதாக, பராமரிப்பின்மை இயற்கை நிலத்திற்கும் செயற்கைப் பூங்காவிற்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. கிண்டியின் புதர்க்காட்டிற்குத் தோட்டக்காரர் தேவைப்படவில்லை. குளமும் பாதையும் புல்தரையுமாக அமைந்த மக்கள் பூங்காவிற்கு அன்றாடக் கவனிப்பு இன்றியமையாததாக இருந்தது.

இரண்டாவதாக, கைபடாமையும் முழுமையான தீர்வாகாது. வெளிமான் திறந்த புல்வெளியை நாடும் விலங்கு. புதரும் அயல் தாவரமும் அடர்ந்தால் அதன் வாழிடம் குறுகும். ஆகவே தலையிடாமை என்பதும் கண்காணிப்புடன் கூடிய ஒரு முடிவாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது கருத்து சமூக நீதி சார்ந்தது. எல்லாருக்கும் திறந்திருந்த பூங்கா கரைந்தது. ஆளுநருக்காக அடைக்கப்பட்டிருந்த காடு நிலைத்தது. இதனைக் கொண்டு, மக்கள் நுழைவே அழிவுக்குக் காரணம் என முடிவு கட்டுவது பிழையாகும். மக்கள் பூங்காவின் நிலத்தைக் குறைத்தவை நிறுவனங்களின் தேவைகள்; உலாவ வந்தோர் அதில் ஓர் ஏக்கரையும் எடுத்துச் செல்லவில்லை. கிண்டியைக் காத்ததும் மதில் மட்டுமன்று. அந்நிலத்திற்கு உரியவர் யார், அதன் பயன் யாது என்பதில் ஐயம் இல்லாமையும் காத்தது.

முடிவுரை

கவனிப்பாரற்ற பூங்காவில் பறவையும் பூச்சியும் பெருகலாம், செலவும் குறையலாம். ஆனால் அந்நிலம் அரசுப் பதிவிலும் அதிகாரிகளின் பேச்சிலும் 'பயன்படாத இடம்' என்னும் பெயரைப் பெறும் நாளில் அந்நன்மைகள் அனைத்தும் கேள்விக்குள்ளாகின்றன. எனவே நகர்ப்புறப் பூங்கா ஒன்றை மதிப்பிடுவோர் அதன் மரங்களை எண்ணுவதோடு, அதன் எல்லை எங்கு, எவ்வாறு வரையறுக்கப்பட்டுள்ளது என்பதையும் ஆராய்தல் வேண்டும். மக்கள் பூங்காவின் 116 ஏக்கரில் இன்று 'மை லேடீஸ் பூங்கா' போன்ற சிறு பகுதிகளே பசுமையாக எஞ்சியுள்ளன. அவ்வெச்சங்களின் எல்லையைத் துல்லியமாக ஆவணப்படுத்துவதே அவற்றைக் காப்பதற்கான முதற்பணியாகும்.