கட்டங்கள் சிறுக்கும்போது

சித்திரக்கதை வாசிப்பவர் படத்தைப் பார்க்கிறார். அதைச் சுற்றியுள்ள கோட்டைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் எத்தனை கட்டங்கள், எது பெரிது, எது சிறிது, இடையில் எவ்வளவு வெற்றிடம் என்ற தீர்மானங்களில்தான் கதையின் காலம் உண்டாகிறது. வாக்கியத்தின் நீளத்தைக் கொண்டு நாம் செய்வதை, ஓவியர் கட்டத்தின் அளவைக் கொண்டு செய்கிறார்.

ஜெனீவாவின் பாடசாலை ஆசிரியர் ரொடோல்ப் டொப்ஃபர் 1833 முதல் வெளியிட்ட சித்திரக்கதைகளிலேயே கட்டங்கள் சம அகலத்தில் இல்லை. பின்னர் பத்திரிகைகள் வந்தன. பத்தி அளவுக்கு வெட்டி ஒட்ட வசதியாக ஒரே அளவுக் கட்டங்கள் வழமையாகின. அதை அழகாக மீறியவர் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே. ‘லிட்டில் நீமோ’ தொடரின் 1908ஆம் ஆண்டுப் பக்கமொன்றில் சிறுவனின் கட்டில் கால் முளைத்து நகரத்துக்குள் நடக்கிறது. கால்கள் நீள நீளக் கட்டங்களும் உயர்ந்துகொண்டே போகின்றன.

மெக்கேயின் கட்டம் கனவுக்காக வளர்ந்தது. ஏறக்குறைய எண்பத்தைந்து வருடங்களின் பின் அதே உத்தி தலைகீழாகத் திருப்பப்பட்டது, ஒரு சித்திரவதையைச் சொல்வதற்காக.

மோல்ட்டாவில் பிறந்த ஜோ சாக்கோ, முதலாவது இன்திபாழாவின் இறுதிக் காலமான 1991-92 குளிர்காலத்தில் மேற்குக் கரைக்கும் காஸாவுக்கும் சென்றார். அங்கு கேட்டவற்றை ‘பலஸ்தீன்’ என்ற பெயரில் 1993 முதல் ஒன்பது இதழ்களாக வரைந்தார். முழுத் தொகுப்புக்கு எட்வர்ட் செய்த் முன்னுரை எழுதினார். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்த நம்மிற் பலருக்குச் சித்திரக்கதை என்றால் சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அவர்கள் செய்தின் அந்த முன்னுரையையாவது ஒருதடவை வாசிக்க வேண்டும்.

நூலின் பல பக்கங்களில் ஒழுங்கான கட்டங்களே இல்லை. வாசகத் துண்டுகள் சாய்ந்து சிதறிக் கிடக்கும். சனக்கூட்டம் விளிம்பை முட்டும். அகதி முகாமொன்றின் சேற்றுத் தெரு இரண்டு பக்கங்களையும் நிறைத்துக்கொண்டு வரும். ஆனால் கஸ்ஸான் என்ற பெயரில் வரும் மனிதரின் கதையில் எல்லாம் மாறிவிடுகிறது. இரவில் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அவரைத் தலையில் சாக்கை மாட்டி, கதிரையில் கட்டிவைத்து விசாரிக்கிறார்கள். தடுத்துவைக்க மேலும் அவகாசம் கேட்டு மீண்டும் மீண்டும் நீதிபதியிடம் போகிறார்கள். முதலில் பக்கத்துக்குச் சில பெரிய கட்டங்கள். நாட்கள் செல்லச் செல்ல அவை சிறுத்துப் பெருகுகின்றன, இடைவெளியும் கறுப்பாகிறது. கடைசியில் பக்கமே வரிசை வரிசையாகச் சிறைக்கூடங்களை அடுக்கிய சுவர்போலத் தெரிகிறது. சாட்சி சொல்லும் மனிதர் தப்ப இயலாதது போலவே வாசகரின் கண்ணும் தப்ப இயலாது. ஒரே உருவம், ஒரே கதிரை, ஒரே சாக்கு. மிகைப்படுத்திய முகபாவம் எதையும் விட இந்தச் சலிப்பூட்டும் ஒழுங்குதான் கொடூரமானது என்பது எனது அபிப்பிராயம். விடுதலையானதும் கட்டம் விரிந்து தெரு தெரிகிறது.

அந்த அத்தியாயத்தின் தலைப்பு ‘மிதமான அழுத்தம்’. விசாரணையில் மிதமான உடல் அழுத்தத்தை அனுமதித்த 1987ஆம் ஆண்டின் லண்டாவ் ஆணைக்குழுவுடைய மொழி அது. அரச அறிக்கையின் இரண்டு சொற்கள் உண்மையில் எவ்வளவு நேரம் நீளும் என்பதை அந்தக் கட்டங்களே அளந்து காட்டுகின்றன.

2009இல் வந்த ‘காஸாவின் அடிக்குறிப்புகள்’ 1956 நவம்பரில் கான்யூனிஸிலும் ரஃபாவிலும் நடந்த படுகொலைகளைத் தேடிப் போகிறது. இங்கே சிறு கட்டங்கள் சாட்சிகளின் முதிய முகங்களுக்கானவை. ஒருவரது ஞாபகம் மற்றவருடையதோடு முரண்பட்டால் அதையும் மறைக்காமல் வரைகிறார். முடிவுப் பக்கங்களில் சொற்களே இல்லை. ஓடுகின்ற ஒருவரின் கண்ணால் எல்லாம் பார்க்கப்படுகிறது.

நமது ஓவியர் ஒருவர் 1990 ஒக்டோபர் 30ஐ வரைய நினைத்தால் பக்கத்தை எப்படிப் பிரிப்பார்? யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். சாக்கோ நாட்களைச் சுருக்கினார். இவரோ நிமிடங்களை நீட்ட வேண்டும். ஒலிபெருக்கி, ஜின்னா மைதானம், பூட்டிய கதவு, காதிலிருந்து கழற்றப்படும் தோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கட்டம். பிறகு புத்தளத்தில் ஓர் ஓலைக் குடிசை: அதே கட்டம், அதே அளவு, பக்கம் பக்கமாக.