எந்தக் கட்டில் வைப்பது?

குமாஸ்தா வேலையில் முதலில் பிடிபடுவது இதுதான்: ஒரு தாளை எந்தக் கட்டில் வைக்கிறோமோ, அதைப் பொறுத்தே அது பிறகு யார் கண்ணில் படும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'கிளாஸே' என்றால் வகைப்படுத்துவது. வழக்கை மூடிக் கிடப்பில் போடுவதற்கும் அதே சொல்தான். நமது பாலாற்றங்கரை டேனரிகளின் கதையில் இரண்டும் நடந்தன.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வட ஆற்காடு அம்பேத்கர், செங்கை எம்.ஜி.ஆர்., ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆகிய 5 மாவட்டங்களின் டேனரிகள் ஒரே கட்டில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். பெரியவர், சிறியவர் என்ற பேதமில்லை.

சிறிய டேனரி தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. அதனால் பல டேனரிகளைக் குழாயால் இணைத்துப் பொது நிலையங்கள்: ஆம்பூரில் துத்திப்பட்டு, மாளிகைத்தோப்பு, வாணியம்பாடியில் வளையாம்பட்டு, உதயேந்திரம், இன்னும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்து வீட்டுக் குழம்பை ஒரே அண்டாவில் ஊற்றிய பிறகு, உப்பை அள்ளிப் போட்டது எந்த வீடு என்று யார் சொல்வது? குரோமியமும் அப்படித்தான்.

2014 பிப்ரவரி 5 அன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைன் அளவுகருவி பொருத்த வேண்டும் என்றது. தோல் பதனிடுதல் அந்த 17-இல் ஒன்று. கருவி காட்டும் எண்கள் கணினி வழியாக வாரியத்துக்குப் போகும்.

நூற்றுக்கணக்கான கருவிகளைத் திரையில் வரிசையாகப் போட்டால் யாரும் பார்க்க முடியாது. எனவே குழு பிரிக்க வேண்டும். வங்கிகளில் கிளைக் கணினிகளைக் கண்காணிக்கும் திரையிலும் இதே வேலைதான். குழுவுக்கு என்ன நிறம் என்பதில்தான் சூட்சுமம். உறுப்புகளில் ஒன்று சிவந்தாலும் குழு முழுவதும் சிவப்பாகத் தெரிய வேண்டும். சராசரி எடுத்தால் ஒன்பது நல்லவை ஒரு கெட்டதை மறைத்துவிடும். திரை பச்சையாகவே இருக்கும்.

எதை வைத்துப் பிரிப்பது என்பது அடுத்த சிக்கல். மாவட்டம் என்றால், 2019 நவம்பர் 28 அன்று நமது மாவட்டம் மூன்றாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கம், பேரணாம்பட்டு வேலூரில், மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். பாலாறு மட்டும் பிரியவில்லை. என்னைக் கேட்டால் ஆற்றை வைத்துத்தான் கட்ட வேண்டும். மேலே விட்டது கீழேதான் வந்து சேருகிறது.

கட்டில் சேராதது என்ன ஆகும் என்பதை 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் பார்த்தோம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பொது நிலையத்துக் கருவிகள் அளக்க வேண்டியவை அமிலக் காரத் தன்மை, பி.ஓ.டி., சி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், நீரின் ஓட்டம். தொட்டிச் சுவரின் பலம் அந்தப் பட்டியலில் இல்லை. கருவிகள் எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தாலும் அந்த இரவு ஒரு விளக்கும் எரிந்திருக்காது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் வேலூர் மாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இன்னும் ஈடு கிடைக்காத குடும்பங்களுக்கு 6 வாரத்தில் அரசு பணம் கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. 4 வாரத்தில் ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 வருஷம். கிணறு உப்பாகிப்போன அந்தக் குடும்பங்களில் எத்தனை பெரியவர்கள் பட்டியலில் தம் பெயரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்களோ!