பயனர் இடைமுக இழை

ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் கட்டளைத் தொடர்கள் இழைகள் எனப்படும். அவற்றுள் சாளரங்களை உருவாக்கி, விசைப்பலகையும் மவுசும் தரும் செய்திகளை வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உரிய சாளரத்திடம் சேர்க்கும் இழையே பயனர் இடைமுக இழை; ஓயாமல் நடக்கும் அந்தப் பணி செய்திச் சுழல் எனப்படும்.

1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1இல் நிரல்களுக்கு இழைகள் கிடையா. ஒரு நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது ஓடும் என்பதால், ஒன்று நீண்ட கணக்கில் இறங்கிவிட்டால் திரை முழுவதும் உறைந்துபோகும். 1993இல் விண்டோஸ் என்டியும் 1995இல் விண்டோஸ் 95உம் இழைகளைக் கொணர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் செய்தி வரிசையை அளித்தபின், சாளரம் தன்னை உருவாக்கிய இழைக்கே உரியது என்ற விதி நிலைபெற்றது. மைக்ரோசாஃப்டின் எம்எஃப்சி நூலகம் செய்திச் சுழல் உடையதை இடைமுக இழை என்றும், அது இல்லாததைப் பணி இழை என்றும் பிரித்தது. பி ஓஎஸ் இயங்குதளம் சாளரத்துக்கு ஓர் இழை என்ற வழியில் சென்றாலும், 1998இல் வந்த ஜாவாவின் ஸ்விங் உட்படப் பெரும்பாலான இடைமுகக் கருவித்தொகுப்புகள் ஒற்றை இழையையே தேர்ந்தன. இழைகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்துக் கிடக்கும் முட்டுக்கட்டையைத் தவிர்க்க அதுவே நம்பகமான வழி.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு இந்த ஏற்பாடு நாள்தோறும் நேர்படுவது. மதுரை, மேலூர், திருமங்கலம் பத்திரப்பதிவு அலுவலகங்களை நம்பியிருக்கும் தட்டச்சுக் கடைகளில் கிரயப் பத்திரத்தின் வாசகம் தமிழிலும் பான் எண் ஆங்கில எழுத்துகளிலும் அமைவதால், மொழியை இடைவிடாமல் மாற்ற வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 7 வரை உள்ளீட்டு மொழி இழைதோறும் தனித்தனியாக நினைவில் வைக்கப்பட்டதால், ஒரு சாளரத்தில் தமிழுக்கு மாறியவர் வேறொரு நிரலின் சாளரத்துக்குப் போனால் அங்கே ஆங்கிலமே இருக்கும். 2012இல் விண்டோஸ் 8 இதைப் பயனருக்குப் பொதுவாக்கி, பழைய முறையை விருப்பத் தேர்வாக வைத்தது.

தமிழ்த் தட்டச்சு நிரல்கள் சில கையாளும் கீழ்நிலை ஹூக், அதாவது விசையழுத்தம் நிரலைச் சேருமுன்பே அதை இடைமறிக்கும் ஏற்பாடு, இன்னும் கடுமையான கட்டுப்பாட்டைக் கோருகிறது. அதை நிறுவிய இழைக்கே ஒவ்வோர் அழுத்தமும் வருவதால், அங்கே செய்திச் சுழல் இருந்தே ஆக வேண்டும். குறித்த நேரத்துக்குள் மறுமொழி வராவிட்டால், விண்டோஸ் 7 முதல் இயங்குதளம் அந்த ஹூக்கை அறிவிப்பின்றி நீக்கிவிடக்கூடும். அவ்வாறு நீங்கிவிட்டால், 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில் ‘மதுரை’ என்று அடித்தவரின் திரையில் கே, எல், டி, எம், ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளே விழும். பிழை தட்டச்சரின் விரலில் இல்லை. இழையைப் பிற வேலைகளில் முடக்கிய நிரலாக்கத்தில்தான் இருக்கிறது. ஆதலால் ஹூக்கைத் தனி இழையில் வைத்து, வேலைகளைப் பணி இழையிடம் ஒப்படைத்து, அழைப்பிலிருந்து உடனே திரும்ப வேண்டும் என மைக்ரோசாஃப்டின் ஆவணமே அறிவுறுத்துகிறது.