கால்வாய்க்கரை வீடும் கண்ணில் படாத கட்டணமும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாக் கரையோரம், ஒன்றுக்கொன்று அருகில் அமைந்த இரண்டு ஊர்கள் பன்டா கோர்டாவும் கேப் கோரலும். இரண்டிலும் கால்வாய்க்கரை வீடுகள்தாம் பெருமை. சதுப்பு நிலத்தைத் தோண்டிக் கால்வாய் வெட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டை மனைகளாக விற்ற வணிகத்தின் விளைவு இது. கேப் கோரலை 1957-இல் ரோசன் சகோதரர்கள் உருவாக்கத் தொடங்கினர். இன்று அங்கே 400 மைலுக்கு மேல் கால்வாய்கள் ஓடுகின்றன. பன்டா கோர்டா பழைய ஊர். அதன் ஐல்ஸ் என்னும் கால்வாய்ப் பகுதி மட்டும் ஏறக்குறைய அதே காலத்தில் எழுந்தது.

வீட்டின் பின்புறம் படகைக் கட்டிவைக்கும் வசதி இரண்டு ஊர்களிலும் ஒன்றே. ஆனால், கரையைக் காக்கும் தடுப்புச் சுவர் இடிந்தால் யார் கட்டுவது என்ற கேள்விக்கு இரண்டு ஊர்களும் நேரெதிரான விடை தருகின்றன. பன்டா கோர்டாவில் கால்வாய்ப் பராமரிப்பு மாவட்டம் என்ற ஏற்பாடு உண்டு. கால்வாயை ஒட்டிய மனைக்காரர்களிடம் ஆண்டுதோறும் கட்டணம் திரட்டி, தூர்வாருவதோடு தடுப்புச் சுவரையும் நகராட்சியே பழுதுபார்க்கிறது. கேப் கோரலில் கால்வாயைத் தூர்வாருவது நகராட்சியின் வேலை. சுவர் வீட்டுக்காரரின் சொத்து, வீட்டுக்காரரின் தலைவலி. பன்டா கோர்டாவைச் சூழ்ந்துள்ள சார்லட் மாவட்டத்தின் ஊரகப் பகுதிகளில் மூன்றாவது முறை ஒன்று இருக்கிறது. அங்கே நீர்வழிப் பயன் அலகுகள் என்ற பெயரில் வாங்கும் கட்டணம் தூர்வாருவதற்கும் நீர்வழிகளைச் சீராக வைத்திருப்பதற்கும் போகிறது. சுவர் அதில் சேராது.

ஆகவே, வீடு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது கட்டணம் எவ்வளவு என்பதன்று. அது எதற்கு என்பதே. இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் குறைவு என்றால் அதையே மலிவென்று எண்ணுவது இயல்பு. சுவரைப் புதிதாகக் கட்ட ஓர் அடி நீளத்துக்குப் பல நூறு டாலர் ஆகிறது. 80 அடி முகப்புள்ள மனைக்கு அது எளிதாகப் பல்லாயிரம் டாலரை எட்டிவிடும். கட்டணம் வாங்காத ஊரில் இந்தத் தொகை கண்ணுக்குத் தெரியாமல் வீட்டின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

சுவர் ஏன் இடிகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. புயலில் கடல் பொங்கி வந்து மோதுவதால் என்றே பலரும் நினைக்கிறார்கள். 2017 செப்டம்பரில் இர்மா புயலின்போது நடந்தது அதற்கு நேர்மாறு. காற்று சார்லட் வளைகுடாவின் நீரைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு போனதால் நீர்மட்டம் திடீரெனச் சரிந்தது. சுவரின் முன்னால் முட்டுக்கொடுத்து நின்ற நீர் விலகியது. பின்னால் மழையில் ஊறிக் கனத்த மண்ணோ அப்படியே இருந்தது. அந்தப் பாரம் தாங்காமல் சுவர்கள் கால்வாய்ப் பக்கம் சாய்ந்தன. 2022 செப்டம்பர் 28 அன்று நான்காம் வகைப் புயலாகக் கரையேறிய இயான் சேதத்தை இன்னும் பெரிதாக்கியது. மைல் கணக்கில் சுவர்கள் விழுந்தபின் பன்டா கோர்டா மக்கள் தம் முறை வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கு மாறாகத் தனியே சுவர் வைத்திருப்பவர் தானே ஒப்பந்தக்காரரைத் தேட வேண்டும். ஊரே அதே ஒப்பந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொதுக் கட்டணத்தை நான் ஆதரிப்பதற்கு இதுவே காரணம். பக்கத்து மனைக்காரர் சுவரைக் கவனிக்காவிட்டால், நம் சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஓரத்தில் மண் அரித்துக்கொண்டுதான் போகும். தொடர்ச்சியாக நிற்கும் ஒரு பொருளைத் துண்டு துண்டாகப் பராமரிக்க முடியாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பொதுக் கட்டணம் சுவரோடு நின்றுவிடும். படகுத்துறையும் படகைத் தூக்கி நிறுத்தும் பொறியும் எந்த ஊரிலும் வீட்டுக்காரர் செலவுதான்.

இந்தக் கட்டணம் வசூலாகும் விதம் பலருக்கும் பிடிபடுவதில்லை. ஃபுளோரிடாவில் பெரும்பாலும் இது சொத்துவரிச் சீட்டிலேயே, மதிப்பு சாராத விதிப்பு என்ற தனிப் பகுதியில் வருகிறது. வீட்டின் மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படாததால், சொந்தக் குடியிருப்புக்குக் கிடைக்கும் வரிச்சலுகை இதைக் குறைக்காது. மதிப்பீடு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்ற புகழ்பெற்ற வரம்பும் இதைக் கட்டுப்படுத்தாது. வரிச்சீட்டு நவம்பர் தொடக்கத்தில் வரும். அந்த மாதமே செலுத்தினால் 4 விழுக்காடு தள்ளுபடி. மாதத்துக்கு ஒரு விழுக்காடு குறைந்து பிப்ரவரியில் ஒன்றாகும். ஏப்ரல் 1 முதல் நிலுவை. நிலுவைத் தொகைக்கான சான்றிதழ் ஜூன் 1-க்குள் ஏலத்துக்கு வந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதை வைத்திருப்பவர் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரக் கோரலாம். சில நூறு டாலர் கட்டணம்தானே என்று விட்டுவிடக் கூடிய கடன் அன்று இது.

கடன் வாங்கி வீடு வாங்குபவர்களின் வரியை, மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்து, வங்கியே செலுத்துவது அங்கே வழக்கம். அதனால் பலர் பல ஆண்டுகள் கட்டணம் கட்டியும் அப்படியொன்று இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள். வீட்டு உரிமையாளர் சங்கம் கால்வாயைப் பராமரிக்கும் குடியிருப்புகளில் நிலைமை வேறு. சங்கக் கட்டணம் வங்கியின் வழியே போவதில்லை. விற்பவர் பாக்கி வைத்திருந்தால், மாநிலச் சட்டப்படி வாங்குபவரும் அதற்குக் கூட்டாகப் பொறுப்பாகிறார். எனவே, நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, சங்கத்திடம் நிலுவைச் சான்று எழுத்தில் பெறாமல் கிரயத்துக்குப் போகக் கூடாது. கேட்ட 10 வேலை நாட்களுக்குள் சங்கம் அதைத் தந்தாக வேண்டும்.

கிரய நாளில் கட்டணத்தைப் பிரிப்பதில்தான் சச்சரவு பிறக்கிறது. சொத்துவரி, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு. சீட்டு வருவதோ ஆண்டின் கடைசியில். ஆகவே நடுவில் விற்பவர், தாம் இருந்த நாட்களுக்கான தொகையை வாங்குபவர் கணக்கில் விட்டுச்செல்கிறார். ஆனால், நகராட்சிகளின் நிதியாண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. கட்டணம் எந்த ஆண்டைச் சார்ந்தது? கட்டணம் 900 டாலர், கிரயம் ஜூன் 30 என்று வைத்துக்கொள்வோம். காலண்டர் ஆண்டுக் கணக்கில், 181 நாட்களுக்காக விற்பவர் ஏறத்தாழ 446 டாலர் தர வேண்டும். நிதியாண்டுக் கணக்கில், சென்ற நவம்பரிலேயே செப்டம்பர் வரைக்குமாக அவர் கட்டிவிட்டார். எஞ்சிய 92 நாட்களுக்காக வாங்குபவர்தான் அவருக்கு ஏறத்தாழ 227 டாலர் தர வேண்டும். பணம் போகும் திசையே மாறிவிடுகிறது. எந்தக் கணக்கு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

ஆண்டுக் கட்டணத்துக்கும் சிறப்பு விதிப்புக்கும் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரியது. கேப் கோரலில் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் பதித்த செலவு வீட்டின் மீது பெருந்தொகையாக ஏற்றப்பட்டு, பல்லாண்டுத் தவணையில் வசூலாகிறது. விளம்பரங்களில் 'விதிப்புகள் செலுத்தப்பட்டன' என்று கண்டால் பெரும்பாலும் அதைத்தான் குறிக்கும். சுவரையோ கால்வாயையோ அன்று. மாநிலத்தில் பரவலாகப் பயன்படும் ஒப்பந்தப் படிவத்தில், மீதித் தவணைகளை விற்பவர் முழுதும் தீர்ப்பதா, கிரயத்துக்குப் பின் வருவனவற்றை வாங்குபவர் ஏற்பதா என்று குறியிடக் கட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் இடும் ஒரு சிறு குறி பல ஆயிரம் டாலர் பெறும்.

விற்பவர்களுக்கும் இதில் பாடு உண்டு. வீட்டின் மதிப்பைப் பாதிக்கும், எளிதில் கண்ணுக்குப் படாத குறை தெரிந்திருந்தால் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. சுவரின் பின்னால் புல்தரையில் குழி விழுந்து, அதை மணலிட்டு மூடியவர் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிப்பது நலம். 2024 அக்டோபர் முதல், வெள்ளக் காப்பீட்டுக் கோரிக்கை, வெள்ளச் சேதத்துக்குப் பெற்ற அரசு உதவி ஆகியவற்றைத் தனிப் படிவத்தில் வெளியிடுவதும் கட்டாயம். வாங்குபவரோ, நீர் வடிந்த வேளையில் சுவர் வல்லுநர் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்வது நல்லது. நீர் நிறைந்திருக்கும்போது எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும்.

கட்டணத்தை வருமானவரியில் கழிக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்குமான பகுதி கழிவுக்குத் தகுதி பெறலாம், சொத்தின் மதிப்பைக் கூட்டும் புதிய கட்டுமானத்துக்கான பகுதி பெறாது. சீட்டில் இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் பிரித்துக் காட்ட வேண்டியது வரி செலுத்துபவரின் வேலை.

கோடையின் இறுதியில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இத்தகைய விதிப்பை முதன்முறை விதிக்கும்போதும், முன்னர் அறிவித்த உச்ச அளவைத் தாண்டி உயர்த்தும்போதும், பொது விசாரணைக்குக் குறைந்தது 20 நாட்கள் முன்னதாக உரிமையாளருக்கு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பச் சட்டம் பணிக்கிறது. புதிய நிதியாண்டு அக்டோபரில் பிறப்பதால் இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் ஆகஸ்டில் வந்துசேரும். அப்போது உரிமையாளர் விற்பவர்தான். கடிதம் அவர் அஞ்சல் பெட்டிக்கே போகும். அதைக் காட்டும்படி எழுத்திலேயே கேளுங்கள்.